வெறுத்தலும் மறுதலித்தலும்: கிறித்தவத் தன்மறுப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

முன்னுரை

இயேசுவைப் பின்பற்ற விரும்புவோர் தம்மை மறுத்துத் தம் சிலுவையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கிறித்தவ வாழ்வின் அடிப்படை அறிவுரைகளுள் ஒன்று. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களிலும் இது காணப்படுகிறது. எனினும் ‘நாள்தோறும்’ என்னும் பொருளுடைய தொடர் லூக்காவில் (9:23) மட்டுமே உள்ளது. சாவை எதிர்கொள்ளும் ஒருமுறைச் செயலாகக் கொள்ளத்தக்க அறிவுரையை இவ்வொரு தொடர் அன்றாட ஒழுக்கமாக்கிவிடுகிறது. அவ்வொழுக்கத்தைத் தமிழ் எச்சொற்களால் ஏற்றது, அச்சொற்கள் பொருளை எத்திசையில் செலுத்தின என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

மூலத்தின் பொருள்

கிரேக்க மூலத்தில் ஆளப்பெறும் வினை ‘அர்நேயோமாய்’ என்பதாகும். ‘இல்லை எனல்’, ‘தொடர்பில்லை என மறுத்துரைத்தல்’ என்பன அதன் பொருள்கள். பேதுரு தம் ஆசிரியரை அறியேன் என்று கூறிய இடத்திலும் (22:57) லூக்கா இவ்வினையையே ஆள்கிறார். ஆகவே இவ்வறிவுரை கேட்பது தன்மீது பகைமை கொள்வதை அன்று. ‘நான்’ என்பதன் உரிமைக் கோரிக்கைக்கு இணங்க மறுப்பதையே கேட்கிறது. மறுத்தல், எடுத்தல், பின்பற்றல் ஆகிய மூன்றும் மூலத்தில் தனித்தனி ஏவல் வடிவங்களாக நிற்கின்றன என்பதும் கருதத்தக்கது.

துறவியும் இல்லறத்தாரும்

இக்கருத்து தமிழகம் வந்தபோது இங்குத் தவம், துறவு என்னும் சொற்கள் நெடிய மரபுடன் வழக்கில் இருந்தன. திருக்குறள் இரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளது. 1606-இல் மதுரை வந்த தெ நோபிலி அம்மரபின் வடிவத்தையே மேற்கொண்டார். காவியுடையும், மரக்கறி உணவும், நாளுக்கு ஒரு வேளை உண்ணும் வழக்கமும் அவரைத் துறவி எனக் காட்டின. ஆயினும் மரபுவழித் துறவு வீட்டை விட்டு நீங்குவோர்க்கு உரியது. ‘நாள்தோறும்’ என்னும் சொல்லோ வீட்டிலிருப்போரையும் நோக்கியது. இல்லறத்தாரின் தன்மறுப்பிற்குச் சொல் காண்பதே உண்மையான இடர்ப்பாடாக இருந்தது.

கத்தோலிக்க மரபு இதற்கு நடைமுறைச் சொற்களால் விடை கண்டது. அண்டிரிக்கு அடிகளார் 1580-இல் அச்சிட்ட ‘கொம்பெசியோனாயரு’ பாவ அறிக்கைக்கு முன் ஒருவர் தம்மையே ஆராய்ந்துகொள்ள வழிகாட்டுகிறது. அவர்தம் அடியார் வரலாறு (1586) புனிதர்களின் வாழ்வை மக்கள்முன் வைத்தது. வீரமாமுனிவர் வேதியரொழுக்கத்தைத் துறவியர்க்கன்றி, ஊர்தோறும் மறைகற்பித்த வேதியர்க்கென இயற்றினார். ஒருவேளை உணவைக் குறிக்கும் ஒருசந்தி, புலால் விலக்கலைக் குறிக்கும் சுத்தபோசனம், உடலையும் விருப்பையும் அடக்கும் ஒறுத்தல் ஆகியவை மக்கள் வழக்கில் நிலைத்தன. இவற்றுள் ஒறுத்தல் குறிப்பிடத்தக்கது. திருக்குறளில் பிறரைத் தண்டித்தலைக் குறித்த இவ்வினை, கிறித்தவ வழக்கில் தன்னையே செயப்படுபொருளாகக் கொண்டது.

சீர்திருத்தச் சபையினர் வேறு வழியில் சென்றனர். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய பணி லூத்தரின் கோட்பாட்டைச் சார்ந்தது. துறவறம் இல்லறத்தினும் உயர்ந்தது என்பதை லூத்தர் ஏற்கவில்லை. பழைய மனிதன் அன்றாட மனவருத்தத்தால் மடிய வேண்டும் என்பதே அவர்தம் சிறிய ஞானோபதேசத்தின் போதனை. எனவே இம்மரபில் உணவு விலக்கைக் குறிக்கும் சொற்களைவிட விவிலியத்தின் சொல்லே முதன்மை பெற்றது. அச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது பெரும் பொறுப்பாயிற்று.

‘வெறுத்து’ என்னும் தேர்வு

பவர் ஐயரின் பெயரால் வழங்கும் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதல், லூக்கா 9:23-இல் ‘வெறுத்து’ என்னும் எச்சத்தை ஆள்கிறது. பேதுருவின் செயலுக்கோ ‘மறுதலி’ என்னும் வினை வருகிறது. இதனால் மூலத்தில் ஒன்றாயிருந்த சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்தது. மறுபுறம், லூக்கா 14:26-இல் பெற்றோரையும் தன் உயிரையும் பற்றிவரும் ‘மிசேயோ’ என்னும் வேறொரு கிரேக்க வினைக்கும் ‘வெறு’ என்பதே ஆளப்பெற்றுள்ளது. மூலத்தில் இரண்டாயிருந்தவை இங்கு ஒன்றாயின.

இதனைக் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. தீத்து 2:12-இல் அவபக்தியை விலக்கும் இடத்திலும் ‘அர்நேயோமாய்’ வினைக்கு ‘வெறு’ என்பதே வருகிறது. இவற்றைச் சேர்த்து நோக்கின் ஒரு பாகுபாடு புலனாகும். மறுத்தல் குற்றமாகும் இடத்தில் ‘மறுதலி’ எனவும், நற்செயலாகும் இடத்தில் ‘வெறு’ எனவும் மொழிபெயர்ப்பாளர் பகுத்துள்ளனர் எனலாம். உலகை வெறுத்துத் துறவு பூண்டார் என்னும் வழக்கில் இவ்வினைக்குப் பற்று விடுதல் என்னும் பொருள் உண்டு. அப்பொருளிலேயே அவர்கள் இதனைத் தேர்ந்திருத்தல் கூடும்.

ஆயின் இன்றைய பேச்சிலும் எழுத்திலும் ‘வெறுப்பு’ என்பது பகைமையையே முதலில் உணர்த்துகிறது. பற்று விடுக என்று முன்னோர் வைத்த சொல்லை, தன்னை இழிவாகக் கருதுக என்று இன்றைய வாசகர் பொருள்கொள்ள நேர்கிறது. தன்மதிப்பு மறுக்கப்பட்ட மக்களிடையே இவ்வேறுபாடு சிறியதன்று.

1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘தன்னலம் துறந்து’ என மாற்றியது. இது பகைமைப் பொருளை நீக்கிற்று. ‘துற’ என்னும் வினையை, வீடு நீங்கும் நிலையிலிருந்து ‘நாள்தோறும்’ நிகழும் செயலுக்குக் கொண்டுவந்தது இதன் சிறப்பு. எனினும் மறுக்கப்படுவது ‘தான்’ என்பதிலிருந்து ‘தன்னலம்’ எனக் குறுகியது; பேதுருவின் மறுதலிப்போடுள்ள தொடர்பும் மீளவில்லை.

இரு மொழிபெயர்ப்புகளுக்கும் பொதுவான தொடரியல் விளைவு ஒன்றுண்டு. வினையெச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரு முற்று வைப்பது தமிழின் இயல்பு. அதனால் முதலிரு ஏவல்களும் ‘பின்பற்றல்’ என்னும் முற்றுக்கு அடைகளாகின்றன. தன்மறுப்பு தனிக் கட்டளையாக ஒலியாமல், பின்பற்றுதலின் முறையாகிறது. இதனை இழப்பு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. தன்மறுப்பே குறிக்கோள் அன்று என்பதை இவ்வமைப்பு தெளிவாக்குகிறது.

முடிவுரை

வெறுத்தல், ஒறுத்தல், துறத்தல் ஆகிய மூன்றும் தமிழ்த் துறவு மரபோடு வெவ்வேறு அளவில் உறவுடையவை. ஒவ்வொன்றும் அன்றாட ஒழுக்கத்தின் ஒரு கூற்றை விளக்கிப் பிறிதொன்றை மறைக்கிறது. ‘தன்னை மறுதலித்தல்’ என்பது தமிழுக்கு ஒவ்வாத தொடர் என ஒதுக்குவதற்கும் இடமில்லை. 2 தீமோத்தேயு 2:13-இல் கடவுளைப் பற்றிய கூற்றில் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதலே ‘மறுதலி’ வினையைத் தற்சுட்டுப் பெயருடன் ஆண்டுள்ளது. எனவே அத்தொடருக்கு முன்வழக்கு உண்டு. லூக்கா 9:23-ஐ இனி மொழிபெயர்ப்போர் இவ்வினையையும் ஆய்ந்து நோக்குதல் தகும். பேதுரு ஒரே இரவில் செய்த செயலுக்கும், பின்பற்றுவோர் நாள்தோறும் செய்ய வேண்டிய செயலுக்கும் மூலம் ஒரே வினையை வைத்திருப்பதைத் தமிழ் வாசகரும் அறிய அது வழிசெய்யும்.