காப்பி வரியும் சேரியின் கால்களும்

உலக வணிகத்தின் வரலாற்றை வரி, விலை, ஏற்றுமதி என்றே நமக்குப் பாடம் சொன்னார்கள். நடந்தவர்களின் பக்கமிருந்து அதை நாம் படிப்போம்.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. அதுவரை இலங்கைக் காப்பிக்குக் கூடுதல் வரி விதித்த பிரிட்டன், 1835இல் இரண்டுக்கும் ஒரே வரி என்றது. கண்டி மலைக்காடுகள் தோட்டங்களாயின. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே!

ஆள் நம் சேரிகளிலிருந்து போனது. பண்ணையடிமைத்தனமும் பஞ்சமும் துரத்த, பறையர், பள்ளர், அருந்ததியர் மக்கள் கங்காணியிடம் கடன்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். ஏற்றுமதியான காப்பியை அந்தர் கணக்கில் எழுதிவைத்த அரசு, மாண்டவர்களை ஒழுங்காக எண்ணவில்லை.

1869இல் இலைத்துரு நோய் கண்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. ஏற்றுமதி நிற்கவில்லை. அதைச் சுமந்தவர்களின் வழிவந்தோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்கள் பறித்த தேயிலைக்கு மட்டும் 'சிலோன்' என்ற ஊர்ப்பெயர் நிலைத்தது.

இன்றும் வணிக ஒப்பந்தங்களில் வரி விகிதம் பேசுகிறார்கள். அந்த வரியைக் குறைத்தால் யாருடைய கூலி குறையும், யார் ஊரைவிட்டுப் போக நேரும் என்று கேட்பது நம் வேலை.