கம்ப்யூட்டர் பத்திரிகைச் சிறப்பிதழ்கள்: காசு கொடுத்து வாங்கியது வீணா?

நம் வயதுக்காரர்கள் சிலர் வீட்டுப் பரணில் இன்னமும் ஒரு கட்டு கிடக்கும். மஞ்சள் பூத்த வழவழப்புத் தாள்கள். அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் ஒரு சி.டி. மேலே பெரிய எழுத்தில் 'ஆண்டுச் சிறப்பிதழ்'. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் பிள்ளைகள் அதைக் கீழே இறக்கி இரண்டு கேள்வி கேட்பார்கள். "இதுக்கெல்லாம் அந்தக் காலத்துல எவ்வளவு செலவு பண்ணீங்க அப்பா?" என்பது ஒன்று. "பழைய பேப்பர்காரருக்குப் போட்டுரலாங்களா?" என்பது மற்றொன்று.

இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்துத்தான் பலரும் பதில் சொல்கிறார்கள். வாங்கியது சரியா என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு வைத்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கம்ப்யூட்டர் எங்கள் மேஜைக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1983ல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன் பிறகு ஏ.எல்.பி.எம். என்று சொன்ன லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் கிளை கிளையாக வந்தன. 'வேலை போய்விடும்' என்ற பயம் ஒரு பக்கம், 'இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் மதிப்புப் போய்விடும்' என்ற பயம் இன்னொரு பக்கம். நாற்பது வயதில் யாரிடம் போய்ப் படிப்பது? பயிற்சி மையத்தில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சம். அந்த இடத்தில் கை கொடுத்தவைதான் பத்திரிகைகள்.

ஆங்கிலத்தில் 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' 1969லேயே டில்லியிலிருந்து வரத் தொடங்கிவிட்டது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்கள் அதில் வரும் சர்க்யூட் படங்களைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். 1982ல் 'டேட்டாக்வெஸ்ட்', 1987ல் 'பி.சி. க்வெஸ்ட்'. பின்னால் 'சிப்', 2001 ஜூன் முதல் 'டிஜிட்'. தமிழில் எஸ். ரங்கராஜன் என்ற சுஜாதா வார இதழ்களில் எழுதி ஏற்கெனவே நமக்கு ஆவலை ஊட்டியிருந்தார். 1990களில் 'தமிழ் கம்ப்யூட்டர்' என்று இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. தினமலர் திங்கட்கிழமைகளில் 'கம்ப்யூட்டர் மலர்' கொடுத்தது. அதற்குத் தனிக் காசு கிடையாது.

ஆங்கிலப் பத்திரிகை கிடைப்பதே நம் பக்கத்தில் ஒரு காரியம். சேலம் என்றால் பஸ் நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ தேடினால் கிடைக்கும். நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் ஊருக்கு ரயில் வந்தது 2013ல்தான். ஆகவே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுக்காரர்கள் சேலம் போகிறவரிடம் சொல்லிவிட்டு வாங்கி வரச் செய்வார்கள். கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர் கூட்டாகக் காசு போட்டு ஒரு பிரதி வாங்கி, சி.டி.யை ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஏன் அவ்வளவு பாடு? அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, பெரிய நகரங்களில். நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோதும் டெலிபோன் கம்பி வழியாகத்தான். மோடத்தின் மேல் 56 கிலோபிட் என்று எழுதியிருக்கும். கைக்கு வருவது நொடிக்கு 4 கிலோபைட் வந்தால் நல்ல நாள். ஒரு சி.டி.யில் இருப்பது 650 மெகாபைட். வகுத்துப் பாருங்கள், 46 மணி நேரம் ஆகும். அதுவும் நடுவில் லைன் அறுந்து போகாமல் இருந்தால். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 1,840 ரூபாய். அதே சரக்கைப் பத்திரிகை நூறு ரூபாய் அளவில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

நாம் உண்மையில் கொடுத்தது படிப்பதற்கான காசு அல்ல, லாரி வாடகை மாதிரி. நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரக்கு எங்கேயோ இருக்கிறது, நமக்கு இங்கே வேண்டும், நடுவில் ரோடு மோசம். அப்போது வண்டிக்காரர் கேட்கிற வாடகை நியாயமானதுதான்.

அந்தச் சரக்கில் எது உதவியது, எது உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது நாள் மட்டும் ஓடும் சோதனை மென்பொருள்கள், வால்பேப்பர் படங்கள், விளையாட்டுகளின் முதல் கட்டம் மட்டும் தரும் மாதிரிகள் எல்லாம் இடத்தை அடைக்க வைத்தவை. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கான புதுப்பிப்புகள் பெரிய உதவி. 2004 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வெளியிட்டது. முழுக் கோப்பு 266 மெகாபைட். மோடத்தில் இறக்கினால் ஏறத்தாழ 19 மணி நேரம். அது போடாத கம்ப்யூட்டர், வைரஸுக்குத் திறந்து போட்ட வீடு மாதிரி. இது போன்ற கோப்புகளை சி.டி.யில் வாங்குவதைத் தவிர சாதாரண வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

இன்னொன்று லினக்ஸ். 'பி.சி. க்வெஸ்ட்' பல ஆண்டுகள் லினக்ஸ் சி.டி.யோடு சிறப்பிதழ் வெளியிட்டது. 2003ல் 'லினக்ஸ் ஃபார் யூ' என்று அதற்கே தனிப் பத்திரிகை வந்தது. அன்றைக்கு விண்டோஸை முறையாக விலை கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவையே நினைத்துப் பாருங்கள். பத்திரிகை விலையில், சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு முழு இயங்குதளமும் அதை நிறுவும் முறையும் கையில் கிடைத்தது சாதாரண விஷயமில்லை. நெசவு வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த சி.டி.யை வைத்துக் கற்றுப் பிழைப்புத் தேடிக்கொண்டதை நான் அறிவேன்.

உலகத்தில் பத்திரிகையின் ஒரு பிரதி என்ன செய்யும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' 1975 ஜனவரி இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரின் படம் வந்தது. நாமே பூட்டிக்கொள்ளும் பெட்டி, 397 டாலர். ஹார்வர்டு பக்கம் ஒரு பத்திரிகைக் கடையில் அதைப் பார்த்த பால் ஆலன், ஒரு பிரதி வாங்கிக்கொண்டு நண்பர் பில் கேட்ஸிடம் ஓடினார். அந்த ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் பிறந்துவிட்டது. அது சிறப்பிதழ்கூட இல்லை, சாதாரண மாத இதழ். அட்டையில் 'சிறப்பு' என்று போடுவதால் மட்டும் சிறப்பு வந்துவிடாது என்பதற்கும் இதையே சொல்லலாம்.

இங்கே நம் தீபாவளி மலர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. கல்கி, விகடன் தீபாவளி மலரை நாற்பது ஆண்டு கழித்து எடுத்தாலும் கதையைப் படிக்கலாம், ஓவியத்தைப் பார்க்கலாம். அதே மனதோடு கம்ப்யூட்டர் மலரையும் கனம் பார்த்து வாங்கினோம். ஆனால் 'இந்த ஆண்டின் சிறந்த 100 பொருட்கள்' என்ற பட்டியல் கீரை மாதிரி. ஆறு மாதத்தில் விலை மாறும், மாடல் மாறும். ஆண்டுச் சிறப்பிதழின் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலும் விளம்பரமும்தான். நின்று பயன் தந்தவை ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை சொன்ன சிறு புத்தகங்கள். 'டிஜிட்' இதழோடு வந்த 'ஃபாஸ்ட் டிராக்' அந்த வகை. நெட்வொர்க் என்றால் என்ன, ஒரு கம்ப்யூட்டரை எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் மாதம் தாண்டியும் செல்லுபடியாகும்.

பிறகு ரோடு நன்றாகிவிட்டது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. வேகம் 256 கிலோபிட். 46 மணி நேரம் ஆன சி.டி. இப்போது ஆறு மணி நேரத்தில் இறங்கும். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை என்று சலுகை இருந்ததால், பையன்கள் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுப்பார்கள். பத்திரிகைகள் சளைக்காமல் சி.டி.யை விட்டு டி.வி.டி.க்கு மாறின. அதில் 4.7 கிகாபைட். அதை 256 கிலோபிட்டில் இறக்க மறுபடியும் 40 மணி நேரத்துக்கு மேல். ஆகவே இன்னும் சில ஆண்டுகள் சிறப்பிதழுக்கு உயிர் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, தினம் ஒரு கிகாபைட், இரண்டு கிகாபைட் என்று எல்லோர் கையிலும் கொட்டியது. இன்று வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர் இருந்தால் அந்த டி.வி.டி. முழுவதும் சுமார் ஆறு நிமிடம். வாடகைக்கு வண்டி பிடிக்கத் தேவையே இல்லாமல் போனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'பைட்' பத்திரிகை 1998ல் நின்றது. 'பி.சி. மேகஸின்' 2009 ஜனவரியோடு அச்சை விட்டது. 2023ல் 'மேக்சிமம் பி.சி.', 'மேக்லைஃப்' இரண்டும் அச்சை நிறுத்தியபோது அமெரிக்காவில் இந்த வகைப் பத்திரிகையின் காலமே முடிந்தது என்று எழுதினார்கள். இங்கிலாந்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. 'மேக்பை' பத்திரிகை தன் 40வது இதழின் அட்டையில் சி.டி.க்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரையே ஒட்டிக் கொடுத்தது. 2015 நவம்பரில் வந்த ராஸ்பெர்ரி பை ஸீரோ, தனியாக வாங்கினால் 5 டாலர். கடையில் வைத்த வேகத்தில் இதழ் தீர்ந்துபோனது. கம்பி வழியாக வர முடியாத ஒன்றைப் பத்திரிகை கொண்டுவந்தால் இன்றும் வாங்குவார்கள் என்பதுதான் அதில் தெரிகிறது.

தமிழில் இலவசமாகவே படிக்க இப்போது வழி இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: அன்று வாங்கியது வீணில்லை, ஏறத்தாழ 2010 வரை நியாயமான செலவு. இன்று புதிதாக ஒரு சிறப்பிதழை வாங்க நினைத்தால், இதில் இருப்பது கம்பி வழியாகக் கிடைக்காததா, ஒரே பொருளை முழுதாகச் சொல்கிறதா, ஓராண்டு கழித்தும் பயன்படுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் காசு பையிலேயே இருக்கட்டும்.

இனி இரண்டாவது கேள்வி. எதற்காக வாங்கினோமோ அந்த சி.டி.க்கு இன்று மதிப்பில்லை. புது லேப்டாப்பில் அதைப் போடும் இடமே கிடையாது. நம் சித்திரை வெயிலில் பரணில் கிடந்தது படிக்குமா என்பதும் சந்தேகம். மதிப்பு வந்திருப்பது அன்று நாம் புரட்டிவிட்டுப் போட்ட தாளுக்குத்தான். ஒரு மெமரி சில்லு என்ன விலை விற்றது, எந்த ஊரில் எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு கட்டணம் கேட்டார்கள், எந்தப் படிப்பு படித்தால் வேலை என்று ஆசை காட்டினார்கள் என்பதெல்லாம் அந்த விளம்பரங்களில்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியம் சொற்கள். கோப்பு, சுட்டி, உலாவி, எழுத்துரு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் சுலபமாகச் சொல்கிறார்கள். இவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒரு பத்திரிகை ஒரு சொல்லைப் போடும், இன்னொன்று வேறு சொல்லைப் போடும், வாசகர்கள் ஏற்றதுதான் நிற்கும். விசைப்பலகையே ஆளுக்கு ஒன்றாக இருந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் 'தமிழ்99' என்று ஒன்று பொதுவானது. அந்த ஆண்டுகளின் தமிழ்க் கம்ப்யூட்டர் இதழ்கள் நம் மொழி கம்ப்யூட்டருக்குள் போன கதையின் நேரடிச் சாட்சி. ஆங்கில இதழ்கள் பலவற்றை யாராவது வருடி வலையேற்றிவிடுவார்கள். தமிழ் இதழ்களுக்கு அப்படி ஆள் குறைவு.

ஆகவே பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குவதற்கு முன் கட்டைப் பிரியுங்கள். பெரிய ஆங்கிலச் சிறப்பிதழ்கள் கனமாக இருக்கின்றனவே என்று தயங்க வேண்டாம், போட்டுவிடலாம். மெலிதாக, தாள் மட்டமாக இருக்கும் தமிழ் இதழ்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை இணைப்புகளும் அதில் சேரும். தொடர்ச்சியாக ஓராண்டு இதழ்கள் இருந்தால் இன்னும் நல்லது. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்தவற்றிலிருந்து வளர்ந்தது அது. அவர்களிடம் இல்லாத இதழா என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு எடைக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். எடைக்குப் போட்டால் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான் வரும்.