தொட்டாலே தெரியும் விஷ பாட்டில்

பழைய இங்கிலாந்து மருந்துக்கடை பாட்டில் படங்கள் பாத்திருக்கீங்களா? சிலது அடர் நீலம் இல்ல பச்சைக் கண்ணாடி, ஆறு பட்டை, மேல வரிவரியா மேடு. அழகுக்காக இல்லீங்க. அதெல்லாம் விஷ பாட்டில்.

19ஆம் நூற்றாண்டு வீடுகளில் இருமல் மருந்தும், மேலே தடவும் தைலமும், தரை கழுவும் கார்பாலிக் அமிலமும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டிலில் இருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்துல மாத்திக் குடிச்சு செத்தவங்க நிறைய.

1868 பார்மசி சட்டப்படி, பட்டியலில் உள்ள விஷத்தை விற்றால் லேபிளில் பொருளின் பெயர், 'விஷம்' என்ற சொல், விற்றவர் பெயர், முகவரி எல்லாம் இருக்கணும். நல்ல சட்டம்தான். ஆனா இருட்டுல யார் படிப்பா? எழுத்தே தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்குத்தான் அந்த வரிகள். 'உட்கொள்ளக் கூடாது'ன்னு கண்ணாடியிலேயே புடைப்பெழுத்து வேற. லேபிள் கிழிஞ்சாலும் விரல் கண்டுபிடிச்சிடும். என்னைக் கேட்டா, இதைவிட புத்திசாலி லேபிள் கிடையாது.

நம்ம ஊர் பூச்சிமருந்து டப்பால டைமண்ட் கட்டத்துல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இருக்கே, அதுவும் இதே யோசனைதான். சிவப்புன்னா ஆகக் கொடியது. படிக்கத் தெரியாட்டியும் நிறம் தெரியும்.

அதையே கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சா நிறமும் போச்சு, பேரும் போச்சு. கேஷுவாலிட்டிக்கு மண்ணெண்ணெய் குடிச்சுட்டு வர்ற குழந்தைங்க பலர் இப்படித்தான் வர்றாங்க.

குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க. டப்பாவையும் கையோட கொண்டு வாங்க, லேபிளைப் பாத்துதான் எந்த விஷம்னு எங்களுக்குச் சீக்கிரம் தெரியும்.