சுவீடன்: பண்ணைச் சிப்பாய் முதல் கட்டாய சேவை வரை

சுவீடனில் கட்டாய இராணுவ சேவை 1901-இல் சட்டமானது. அதற்கு முன் படைக்கு ஆள் கொடுத்தவை பண்ணைகள். 1682 முதல் வேரூன்றிய முறைப்படி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைத் தாங்கின. அவனுக்கு ஒரு சிறு மரவீடும் பயிரிடக் கொஞ்சம் நிலமும் தரப்பட்டன. ஒரே படைப்பிரிவில் பல ஆண்டர்சன்கள் நின்றால் குழப்பம்தானே! அதனால் ராஸ்க் (சுறுசுறுப்பானவன்), ஸ்வார்ட் (வாள்) என்று சுருக்கமான பெயர்கள் சூட்டப்பட்டன. இன்றும் அவை குடும்பப் பெயர்களாக நிலைத்திருக்கின்றன.

பனிப்போர் முடிந்ததும் பெரும்படைக்கான தேவை சுருங்கியது. 2010-இல் கட்டாய சேவை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் தாமாக முன்வந்தவர்கள் போதவில்லை. 2014-இல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றிய பின் அச்சமும் கூடியது. 2017-இல் அரசு சேவையை மீட்டது. இம்முறை பெண்களுக்கும் அது பொருந்தும்.

பதினெட்டு வயதாகும் எல்லோரும் கேள்விப்படிவம் நிரப்ப வேண்டும்; உடற்தகுதி, ஆர்வம், அறிவுத்திறன் பார்த்து ஒரு பகுதியினரே அழைக்கப்படுகிறார்கள். ட்ரோனும் ரேடாரும் ஆளும் போர்க்களத்துக்கு வெறும் ஆள்கணக்கு உதவாது. தேர்ந்தெடுத்துப் பயிற்றும் இந்த வழியே பொருத்தமானது. 2018-இல் முதல் அணி பயிற்சிக்குச் சென்றது.