தென் தமிழகத்தில் புரோகிரசிவ் ராக் ரசனை

புரோகிரசிவ் ராக் 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் உருவான இசை வகை. மூன்று நிமிட வானொலிப் பாட்டின் கட்டை உடைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தையும் தாண்டி நீளும் உருப்படிகளை இது கேட்பவர் முன் வைத்தது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தது. யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், பிங்க் ஃபிளாய்ட், கனடாவின் ரஷ் ஆகிய குழுக்கள் அடுத்த சில ஆண்டுகளில் இதை வளர்த்தெடுத்தன. மெல்லோட்ரான் என்ற கருவி இதன் ஒலிக்கு அடையாளமானது. அதன் ஒவ்வொரு கட்டைக்குள்ளும் பதிவுசெய்த நாடாத் துண்டு ஒன்று உண்டு. கட்டையை அழுத்திப் பிடித்தால் சுமார் 8 விநாடி ஒலிக்கும், பிறகு நின்றுவிடும்.

இந்த இசைக்கு ஒருமுறை ரசிகரானவர் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரசிகராகவே இருந்துவிடுகிறார். முதல் தடவை கேட்கும்போது எதுவும் பிடிபடாது. பல தடவை கேட்ட பிறகே எந்த மெட்டு எங்கே திரும்பி வருகிறது, தாளம் எங்கே மாறுகிறது என்பது துலங்கும். அப்படி உழைத்துப் பெற்ற ரசனை எளிதில் விட்டுப்போவதில்லை.

இந்த ரசனையைத் தென் தமிழகத்தின் இரண்டு ஊர்களை வைத்துப் பார்க்கலாம். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. முதலாவது மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸில் இருந்து அதன் நூற்பாலை வரலாறு விரிகிறது. இரண்டாவது ஆண்டாள் கோயில் ஊர். ராக் கச்சேரிக்குப் பெயர்போன ஊர்கள் அல்ல இவை. ஆனால் இந்த இசையைக் கேட்கத் தேவையான செவிப்பழக்கம் இங்கே புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றும் அல்ல.

சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில், வெவ்வேறு தாளங்களில், காலம் மாற்றி மாற்றி, தவிலோடு சேர்ந்து விரியும் வாசிப்பு அது. பாட்டு வரி இல்லாமலே இசையின் கட்டமைப்பைப் பின்தொடரும் பயிற்சி வீதியில் நின்றே கிடைத்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் நடக்கும் அரையர் சேவையில் பாசுரம், அபிநயம், வியாக்கியானம் என ஒரே பொருள் நெடுநேரம் விரிவதையும் உடன் வைத்துப் பார்க்கலாம்.

தாளக் கணக்கும் அப்படித்தான். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கையில் ஓடி, கிட்டார் தனி வாசிப்பு நடக்கும் இடத்தில் நான்குக்கு மாறும். ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் த பாஸ்ட்’ (1969) ஐந்து. ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ (1972) என்ற 23 நிமிட உருப்படியின் பிற்பகுதி ஒன்பது. மேற்கத்திய ராக் ரசிகர்கள் வியந்து பேசிய இந்த எண்ணிக்கைகள் மிச்ர சாபும் கண்ட சாபும் சங்கீர்ணமும் அறிந்த செவிக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை.

நேரடி உறவும் உண்டு, அது தெற்கத்தி மண்ணையே தொடுகிறது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை 1971இல் தொடங்கிய ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். 1975இல் மேடையில் பதிவாகி 1976இல் வெளிவந்த அதன் முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர் இவர். அன்றைக்கு இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் (ராம்நாட்) மாவட்டத்தில்தான் இருந்தன; 1985இல்தான் மாவட்டம் பிரிந்தது. ஆக, உலகம் முழுக்க ராக் ரசிகர்கள் தேடிக் கேட்ட ஓர் ஆல்பத்தில் இவ்வூர்களின் அன்றைய மாவட்டப் பெயர் தாங்கிய வித்வானின் மிருதங்கம் ஒலிக்கிறது. இதற்கு உரிய கவனம் கிடைத்ததில்லை என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் மீண்டும் கூடிய சக்தி குழு ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக 2024இல் கிராமி விருது பெற்றது. அந்த ஆல்பத்தில் விநாயகராமின் மகன் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார்.

செவி இருந்தாலும், உண்மையான தட்டுப்பாடு ஒலிப்பதிவுகளுக்குத்தான் இருந்தது. கேசட் காலத்தில் சிற்றூர் ரெக்கார்டிங் சென்டர்களில் சினிமாப் பாட்டே கோலோச்சியது. இந்த வகை ஆல்பங்களுக்கு சென்னையின் பர்மா பஜார் போன்ற பெருநகரக் கடைத்தெருக்களை நாட வேண்டியிருந்தது. ஆனாலும் கேசட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’ (1972) ஒரே உருப்படி, சுமார் 44 நிமிடம். இசைத்தட்டில் அதைப் பாதியில் நிறுத்திப் புரட்டிப் போட வேண்டும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அது முழுதாக அடங்கிவிடும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) வந்தபோது வழி இன்னும் கிட்டத்தில் திறந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம் இது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்நிற்கிறது. இதைப் புரோகிரசிவ் ராக் என்று வகைப்படுத்த முடியாது. ஆனால் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1971இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்பை ராக் மேடைக்குக் கொண்டுவந்தபோது இருந்த அதே துணிவு இதிலும் இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

மேடையில் நேராகக் கேட்கும் வாய்ப்பு பின்னால்தான் வந்தது. சுவீடனின் ஓபெத் குழு 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தது. இராஜபாளையத்தில் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணத் தொலைவு அது. அதே ஆண்டு டிசம்பரில் போர்க்குப்பைன் ட்ரீ மும்பை ஐ.ஐ.டி.க்கு வந்தது. இதற்கு முன்பே கொச்சியின் மதர்ஜேன் குழு ‘மக்தூப்’ (2008) ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிட்டாரைக் கர்நாடக கமகங்களோடு பேசவைத்திருந்தது. பெங்களூரில் உருவான அகம் குழு 2012இல் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவைக் கனத்த கிட்டாரோடும் டிரம்ஸோடும் இக்குழு வாசிப்பதைக் கேட்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் ‘மணி’யைக் கையில் ஏழு எண்ணியபடி கேட்கலாம். அடுத்து இளையராஜா, பிறகு சக்தியின் 1976 ஆல்பம், அதன்பின் யெஸ் குழுவின் 18 நிமிடம் தாண்டும் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ (1972) என்ற வரிசை பொருத்தமானது.