ஊர்ப்பெயரில் உறையும் வெம்மை

மலாக்கா மாநிலத்தில் ஆயர் பானாஸ் என்றோர் ஊர் உண்டு. கோலாலம்பூரின் செத்தாப்பாக் வட்டாரத்திலும் அப்பெயர் தாங்கிய கம்பம் ஒன்றுண்டு. மலாய்மொழியில் அதற்குச் சுடுநீர் என்பது பொருள். மண்ணுக்கடியில் வெப்பம் உறையும் இடங்களை நம் நாட்டில் முதன்முதல் குறித்துவைத்தவர்கள், இவ்வாறு ஊருக்குப் பெயரிட்ட எளிய மக்களே எனலாம்.

அவ்வெப்பத்தை மின்னாற்றலாக மாற்றும் முயற்சி இத்தாலியில் தோன்றியது. 1904ஆம் ஆண்டில் லார்தெரெல்லோ என்னுமிடத்தில் பியெரோ ஜினோரி கோந்தி என்பார் நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை ஒளிரச் செய்தார். 1913இல் அங்கு மின்னிலையமே எழுந்தது. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958இல் மின்னாக்கம் தொடங்கிற்று. அவ்விடங்களில் வெம்மை கண்ணெதிரே ஆவியாய்ப் புலப்பட்டது. புலப்படாது உறங்கும் வெம்மையைக் காண்பது எவ்வாறு என்ற வினாவே, பின்னர் வரைபடக் கலைக்கு வேலை தந்தது.

1972இல் முதல் லேண்ட்சாட் துணைக்கோள் விண்ணில் ஏவப்பெற்றது. 1982இல் சென்ற நான்காம் லேண்ட்சாட், தரையினின்று எழும் வெப்பக்கதிரையும் பதிவு செய்தது. பாறையின் வகை, நிலப்பிளவின் போக்கு, ஊற்றுநீரின் வெப்பநிலை, தரையின் வெப்பம் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பர் ஆய்வாளர். சான்றுகள் பலவும் ஒருங்கே பொருந்தும் இடமே மேலாய்வுக்கு உரியதாகும்.

ஆயின், நம் நாட்டில் இம்முறைக்கு இடையூறுகள் உள. முகில் கண்ணை மறைக்கும். அடர்காட்டில் துணைக்கோள் அளப்பது மண்ணின் வெப்பத்தையன்று, மரத்தலைகளின் வெப்பத்தையே. நகரிலோ வெயிலில் காய்ந்த தாரும் சிமெண்டும் ஆய்வாளரை ஏமாற்றும். ஆதலின், முகிலை ஊடுருவும் ரேடார் படங்களில் நிலப்பிளவுகளின் கோடுகளைத் தேடுகின்றனர். தீபகற்பத்தில் மழைநீர் கருங்கற்பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, மீண்டும் ஊற்றாக எழுகின்றது. எனவே பிளவை அறிந்தால் ஊற்றின் வழியையும் ஓரளவு அறியலாம்.

சபாவின் தாவாவ் பகுதியோ எரிமலைப் பாறைகள் நிறைந்தது. அங்கு ஆப்பாஸ் கிரியில் நாட்டின் முதற் புவிவெப்ப மின்னிலையம் 2010களில் திட்டமிடப்பெற்றது, எனினும் நிறைவேறவில்லை. வரைபடம் ஒன்றே மின்விளக்கை ஏற்றிவிடாது என்பதற்கு அது சான்று. படம் இடத்தைச் சுட்டும். ஆழத்தில் போதிய வெப்பமும் நீரும் உண்டா என்பதைத் துளையிட்டே தெளிதல் வேண்டும். துளையிடுதலோ பெரும்பொருளை விழுங்கும் பணி. எங்குத் துளையிடுவது என்பதில் நேரும் ஒரு பிழை, முழு முயற்சியையும் முடக்கிவிடக்கூடும்.

அப்பிழையைக் குறைக்க வல்ல சான்றுகளுள் தலையாயது, நம் காலடியில் கசியும் வெந்நீர் ஊற்றே. அதனை மண்ணிட்டு மூடி, ஊரின் பெயரையும் மாற்றிவிடுவோமாயின், முன்னோர் வரைந்த முதற் படத்தை நாமே கிழித்தெறிந்தவராவோம். நாட்டுப் படத்தில் மலையையும் ஆற்றையும் குறிக்கக் கற்கும் நம் மாணாக்கர், அவற்றோடு தம் வட்டாரத்து ஊற்றையும் குறிக்கப் பழகுவாராக. விண்ணிலிருந்து நோக்கும் கருவிக்கும் மண்ணில் நிற்பவனின் சொல் தேவைப்படுகின்றது.