குறைந்த மதிப்பெண் போன வழி

1965-இல் பெர்க்லியின் மின்பொறியியல் பேராசிரியர் லோட்ஃபி ஸாதே ‘ஃபஸி கணங்கள்’ பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு பொருள் கணத்தில் உண்டு, அல்லது இல்லை என்பது பழைய கணிதம். 0-க்கும் 1-க்கும் நடுவே எந்த அளவிலும் அது உறுப்பாகலாம் என்றார் ஸாதே; அந்த அளவே அதன் மதிப்பெண். அப்படிப்பட்ட இரு கணங்களை வெட்டினால், அதாவது இரண்டிலும் சேர்ந்து எவ்வளவு உறுப்பு என்று கேட்டால், இரண்டு மதிப்பெண்களில் சிறியதே விடை. இந்தச் சின்ன விதி வெகுதூரம் போயிற்று.

1970-இல் ரிச்சர்ட் பெல்மனும் ஸாதேயும் அதை முடிவெடுப்பதற்குக் கொண்டுவந்தார்கள். இது நிகழ்தகவு அல்ல. நாளை மழை வருமா என்பது நிகழ்தகவுக் கணக்கு. எவ்வளவு பெய்தால் ‘கனமழை’ என்பது வேறு வகைச் சிக்கல், ஃபஸி அதற்கானது. ‘லாபம் நன்றாக இருக்கட்டும்’ என்ற நோக்கமும் ‘செலவு கையைக் கடிக்கக் கூடாது’ என்ற கட்டுப்பாடும் அவர்களுக்கு ஒரே சாதி: இரண்டும் ஃபஸி கணங்கள், முடிவு அவற்றின் வெட்டு. ஆலை கட்ட ஓர் இடம் லாபத்தில் 0.9, செலவில் 0.3 பெறுகிறது, மற்றொன்று இரண்டிலும் 0.6. கூட்டினால் இரண்டுமே 1.2. சிறியதைப் பார்த்தால் இரண்டாவது இடமே ஜெயிக்கும். ஒன்றில் கொட்டிக் கிடந்தாலும் இன்னொன்றின் குறை மறையாது. கறாரான விதிதான், ஆனால் கொஞ்சம் குருடும்கூட: 0.6, 0.6 என்பதற்கும் 0.6, 0.95 என்பதற்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது. பின்னால் வந்தவர்கள் பெருக்கல் முதலிய மாற்றுகளைத் தேடியதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கட்டுப்பாட்டியல் மேதை ருடால்ஃப் கால்மனே சாடினார். அந்த 0.6-ஐ யார் கொடுப்பது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆலை போட்ட இடம் தவறென்று தெரிய வருடக்கணக்காகும். இயந்திரத்தில் அப்படியில்லை, மதிப்பெண் பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விதி முதலில் அங்கே வேரூன்றியதற்கு இதுதான் காரணம் என்பேன்.

லண்டன் குயின் மேரி கல்லூரியில் இப்ராஹிம் மம்தானியும் அவருடைய மாணவர் அஸிலியனும் ஆய்வகத்தின் சிறு நீராவி எஞ்சினை ‘அழுத்தம் சற்று அதிகமானால் சூட்டைக் கொஞ்சம் குறை’ என்பதுபோன்ற விதிகளால் ஓட்டினார்கள். நிபந்தனைகளில் எது மிகக் குறைவாகப் பொருந்துகிறதோ, அந்த அளவுக்கே விதிக்கு வலு. அடுத்து டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் இதே வழியில் சிமென்ட் சூளையை இயக்கியது. 1987-இல் ஜப்பானில் செண்டாய் சுரங்க ரயில் வந்தது. ஹிட்டாச்சி பொறியாளர்கள் அனுபவசாலி ஓட்டுநர்களின் பழக்கத்தை விதிகளாக்கினார்கள். இப்போது பிரேக்கை எவ்வளவு பிடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு சாத்தியத்தையும் ரயில் முன்கூட்டியே கணிக்கும். பாதுகாப்பு, பயணிகளின் சுகம், மின்செலவு, குறித்த இடத்தில் நிற்பது எல்லாவற்றையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.